மீனுக்கு நோயும் வேண்டாம், மலைக்கு ஜிலேபியும் வேண்டாம்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழையின் பெரும்பகுதி கிழக்கே இறங்குகிறது. செய்யாறு, கமண்டல நாகநதி, மிருகண்டா நதி என்று பல பெயர்களில் ஓடிக் கடைசியில் பாலாற்றில் கலக்கிறது. மேற்குச் சரிவில் விழுவது பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. அடிவாரத்தில் குப்பநத்தம், செண்பகத்தோப்பு, மிருகண்டா, ஆண்டியப்பனூர் என்று அணைகள் அந்தத் தண்ணீரைத் தேக்கிவைக்கின்றன. தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது. அயல் மீனின் பயணம் இதற்கு நேரெதிர். சமவெளிப் பண்ணையில் பொரித்த குஞ்சு, ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் வண்டி ஏறி மேட்டு நிலக் குட்டைக்குப் போகிறது. மழைக் காலத்தில் குட்டை நிரம்பிக் கோடி போகும்போது ஓடையில் இறங்குகிறது. அதன்பிறகு அதைத் திருப்பி எடுக்க எந்த வலையும் போதாது.

வலை போதாத இடத்தில் வைரஸ் போதுமா என்று ஆஸ்திரேலியா பல ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஏரிகளில் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பெருகும் வேகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, இங்கேயும் அப்படி ஒன்றைச் செய்தால் என்ன என்று தோன்றக்கூடும். அந்த யோசனையை எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. அதன் நன்மையையும் ஆபத்தையும் எடைபோட்டுப் பார்த்தால், நாம் செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாகும்.

கெண்டைக்கு ஒரு வைரஸ்

சாதாக்கெண்டை ஆஸ்திரேலியாவின் மண்ணுக்கு உரியதல்ல. 1960-களில் விக்டோரியா மாநிலத்தின் பூலாரா என்ற ஊர்ப் பண்ணை மீன்கள் ஆற்றுக்குள் போயின. 1970-களின் வெள்ளங்கள் அவற்றை முர்ரே - டார்லிங் ஆற்றுப் படுகை முழுவதும் கொண்டுசேர்த்தன. இன்று அந்தப் படுகையின் சில இடங்களில் மீன்களின் மொத்த எடையில் 80 சதவீதத்துக்கு மேல் கெண்டைதான். அது சேற்றைக் கிளறி இரை தேடும் மீன். கிளறக் கிளறத் தண்ணீர் கலங்குகிறது, வெயில் அடிவரை எட்டுவதில்லை, நீர்த்தாவரம் வேரோடு பெயர்கிறது, அதில் முட்டையிடும் நாட்டு மீனுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. பெரிய பெட்டைக் கெண்டை ஒன்றின் வயிற்றில் 10 லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும். வலைபோட்டும் கூண்டு வைத்தும் மின்சாரம் பாய்ச்சியும் பிடித்துப் பார்த்தார்கள். பிடித்ததைவிடப் பொரித்தது அதிகம்.

இந்த நிலையில்தான் கொய் ஹெர்பிஸ் வைரஸ் அவர்கள் கண்ணில் பட்டது. 1990-களின் கடைசியில் இஸ்ரேல், ஜெர்மனி நாடுகளின் பண்ணைகளில் இது வெளிப்பட்டது. வைரஸ் தொற்றிய கெண்டையின் செவுள் அழுகிவிடும், கண் உள்வாங்கும், அறிகுறி தெரிந்த ஓரிரு நாளில் மீன் செத்து மிதக்கும். தண்ணீரின் வெப்பம் 16 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நோய் மூர்க்கமாகும். சாதாக்கெண்டையையும் அதன் அலங்கார வகையான கொய் மீனையும் தவிர வேறு மீனுக்கு இது நோய் தருவதாகத் தெரியவில்லை. 2016-ல் ஆஸ்திரேலிய அரசு 1.5 கோடி டாலர் ஒதுக்கித் தேசியக் கெண்டைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஜீலாங் நகரின் உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் நாட்டு மீன்கள் முதல் தவளை, ஆமை, கோழி, எலி வரை பல உயிரினங்களுக்கு வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

வைரஸை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் குட்டையைச் சுத்தப்படுத்த இலுப்பைப் புண்ணாக்கு போடுகிறோம். அது விரால், கெளுத்தி, ஆரால் என்று பேதம் பார்க்காமல் அத்தனையையும் கொல்லும். குறிபார்த்து ஒரே இனத்தை மட்டும் தாக்கும் ஆயுதம் அதைவிட மேலானது என்பதை மறுக்க முடியாது.

ஆனாலும், திட்ட அறிக்கை 2022-ல் வெளிவந்த பிறகும் அந்த நாட்டு அரசுகள் வைரஸை இன்னும் ஆற்றில் விடவில்லை. தயக்கத்துக்கு ஒரு காரணம் பிணக்கணக்கு. ஆஸ்திரேலிய நீர்நிலைகளில் இருக்கும் கெண்டையின் எடை சாதாரண ஆண்டிலேயே சுமார் 2 லட்சம் டன் என்று அந்தத் திட்டத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இதில் ஒரு பங்கு செத்தாலும் அழுகும் உடல்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், நச்சுப் பாசி படரும், குடிநீர் கெடும். வைரஸ் இல்லாமலே அது எப்படி இருக்கும் என்பதை டார்லிங் ஆற்றங்கரையின் மெனின்டீ என்ற சிற்றூர் பார்த்திருக்கிறது. 2023 மார்ச்சில் ஆக்சிஜன் குறைந்து பல லட்சம் மீன்கள் செத்து, கரையிலிருந்து கரைவரை தண்ணீரே தெரியாத அளவுக்கு மிதந்தன.

முயல் கற்பித்த பாடம்

இன்னொரு காரணம், ஆஸ்திரேலியாவுக்கு வைரஸோடு இருக்கும் பழைய அனுபவம். 1950-ல் முயல்களை ஒழிக்க மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். முதல் அலையில் தொற்றிய முயல்களில் 100-க்கு 99-க்கு மேல் செத்தன. அதே சமயம் மில்டூரா வட்டாரத்தில் மக்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியது. முயல் வைரஸ்தான் காரணம் என்று ஊர் கொதித்தது. ஃபிராங்க் ஃபென்னர், மக்ஃபர்லேன் பர்னெட், இயான் க்ளூனிஸ் ராஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டு, மனிதர்களுக்கு அது ஒன்றும் செய்யாது என்று காட்ட வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளில் கணக்கு மாறியது. கொடிய வைரஸ் தன்னைத் தாங்கும் உயிரையே சீக்கிரம் கொன்றுவிடுவதால் அதிகம் பரவ முடியவில்லை. சற்றே வீரியம் குறைந்த வகைகள் நிலைத்தன. தப்பிய முயல்களின் குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி கூடியது. முயல் மீண்டும் பெருகியது. அடுத்ததாகக் கலிசி வைரஸைக் கொண்டுவந்து வார்டாங் தீவில் சோதித்தார்கள். அனுமதி கிடைப்பதற்கு முன்பே, 1995-ல் அது தீவைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்விட்டது. பக்கத்திலுள்ள நியூசிலாந்து அரசு அந்த வைரஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 1997-ல் விவசாயிகள் சிலர் திருட்டுத்தனமாக அதைக் கொண்டுவந்து பரப்பிவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பு, 1952-ல் பிரான்ஸில் ஒரு மருத்துவர் தன் தோட்டத்து முயல் தொல்லைக்காக இரண்டு முயல்களுக்கு மிக்சோமாவை ஏற்றிவிட்டார். ஐரோப்பா முழுவதும் அது பரவியது.

வைரஸை விடும் முடிவு ஒரு நாட்டுடையது. அதை நிறுத்தும் அதிகாரம் எந்த நாட்டுக்கும் கிடையாது. மீன் வைரஸிலும் இதே கதைதான். 2003-ல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் கூண்டில் வளர்த்த கெண்டைகள் சுமார் 1,200 டன் கொய் ஹெர்பிஸ் நோயால் செத்தன. அடுத்த ஆண்டு பிவா ஏரியின் காட்டுக் கெண்டைகளில் 1 லட்சத்துக்கு மேல் மடிந்தன. பிழைத்தவற்றின் உடம்பில் வைரஸ் ஒளிந்துகொண்டது.

அரசு கொண்டுவந்த மீன்

நம் கதைக்கு வருவோம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பெயரில் ஒரு பட்டியல் உண்டு. அதில் மீன்கள் 8. அவற்றில் சாதாக்கெண்டை, மொசாம்பிக் திலேப்பியா, கம்பூசியா, வானவில் டிரவுட் ஆகிய நான்கையும் தமிழ்நாட்டுத் தண்ணீரில் பார்க்கலாம். நான்கும் கள்ளத்தனமாக வந்தவை அல்ல. டிரவுட் மீன், வெள்ளைக்காரர்களின் தூண்டில் பொழுதுபோக்குக்காக நீலகிரிக்கு வந்தது. கம்பூசியா 1928-ல் கொசுவை ஒழிக்க இந்தியாவுக்கு வந்தது. சாதாக்கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது. திலேப்பியா 1952-ல், பசித்த நாட்டுக்கு மலிவான புரதம் என்று வந்தது.

அந்தத் திலேப்பியாதான் நம் ஜிலேபி. கோடையில் ஏரித்தண்ணீர் வடிந்த சேற்றோரத்தில் சோற்றுத்தட்டு அளவில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். கடா மீன் வாயால் சேற்றை அள்ளித் துப்பிப் பறித்த கூடு அது. பெட்டை அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் அள்ளிக்கொள்ளும். வாயிலேயே குஞ்சு பொரிக்கும். வெளியே விட்ட பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் கூட்டமாகத் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளே இனப்பெருக்கத்துக்குத் தயார். இப்படிக் காபந்து பண்ணி வளர்க்கும் மீனுக்கு முன்னால், முட்டையை ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும் நாட்டுக் கெண்டை எப்படித் தாக்குப்பிடிக்கும்? 1960-களின் முடிவுக்குள் தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் பெரும்பாலானவற்றில் ஜிலேபியை விட்டாயிற்று. அமராவதி, வைகை, கிருஷ்ணகிரி போன்ற அணைகளில் பிடிபடும் மீனில் அதுவே முதலிடத்துக்கு வந்தது. நெருக்கம் கூடக்கூட அதன் உருவமும் சிறுத்துப்போனது.

அரசின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். 1952-ல் கொண்டுவந்த மீனைப் பரப்பக் கூடாது என்று 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை விதித்தது. தடைக்குப் பிறகும் அணைகளில் அது பரவியது. 2009-ல் நிபந்தனைகளோடு திலேப்பியா வளர்ப்புக்கு மத்திய அரசு கதவைத் திறந்தது. இன்று ஜவ்வாது மலையிலிருந்து அதிக தூரமில்லாத பாரூரில், தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் கிஃப்ட் எனப்படும் மேம்படுத்திய திலேப்பியாவின் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. பண்ணைக்குட்டையில் அதை வளர்க்க அரசு ஊக்கம் தருகிறது. இன்னொரு பக்கம், ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்த்தால் நடவடிக்கை என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது அறிக்கை விடுகிறார்கள். இறைச்சிக் கழிவைத் தின்று கொழுத்து, காற்றையே சுவாசித்து, வற்றிய சேற்றிலும் உயிர்பிடித்திருக்கும் அந்தக் கெளுத்தியைத் தடைசெய்தது சரிதான். ஆனால், ஏரியில் விடும் மீனைப் பற்றி ஒரே கொள்கை இருந்தால்தான் ஊர்க்காரர் அதை நம்புவார்.

தண்ணீரில் வைரஸ் நமக்குப் புதிதா?

திலேப்பியாவுக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. இஸ்ரேலில் 2009 வாக்கில் திலேப்பியாக்கள் கொத்துக்கொத்தாகச் சாகத் தொடங்கின. 2014-ல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. திலேப்பியா ஏரி வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். 2018-ல் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் அது இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆக, இந்தியாவில் அதை யாரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அழைப்பில்லாமலே வந்துவிட்டது.

இதை ஆயுதமாக்கலாம் என்று யாராவது சொன்னால் முதலில் சாகப்போவது அரசே விற்ற குஞ்சுகள். அடுத்து அடிபடுவது எளியவர் சட்டி. வஞ்சிரமும் விராலும் வாங்க முடியாத வீட்டில் வாரம் ஒரு நாள் குழம்பில் கொதிப்பது ஜிலேபிதான். சாத்தனூர் அணைக்குப் போகிறவர்கள் கடைகளில் கேட்டு வாங்கித் தின்னும் வறுவலில் அதற்கும் பங்குண்டு. ஏரியை ஏலத்தில் குத்தகைக்கு எடுத்தவருக்கும் கூட்டுறவுச் சங்கத்து மீனவருக்கும் கோடையில் கைச்செலவுக்குக் காசு தருவதும் அதுவே. இந்த வைரஸின் குறியும் அத்தனை துல்லியமில்லை. தாய்லாந்தில் நடந்த சோதனையில், திலேப்பியா இனத்தோடு தொடர்பில்லாத ராட்சதக் குராமி மீனையும் அது கொன்றது.

கெண்டை வைரஸைப் பற்றியும் நாம் கவலைப்பட்டாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் விரட்டப்படும் அதே கெண்டை, இங்கே கட்லா, ரோகு, மிர்காலோடு சேர்த்து அரசு சிபாரிசு செய்யும் கூட்டு மீன்வளர்ப்பின் ஆறு மீன்களில் ஒன்று. அதே இனத்துக் கொய் மீன், சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் தொட்டி தொட்டியாக விற்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு ஜோடி கொய் மீனில் அந்த நோய் வந்து இறங்கலாம். சமவெளிக் கோடையில் 28 டிகிரிக்கு மேல் சூடேறும் தண்ணீர் அதற்குக் கொஞ்சம் தடை. ஆனால் ஊட்டி, கொடைக்கானல், ஏலகிரி, ஜவ்வாது போன்ற மலைகளின் குளிர்ந்த தண்ணீருக்கு அந்தக் காப்பும் கிடையாது.

நோய் வந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 1994-95-ல் வெண்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரையின் இறால் பண்ணைகளைக் காலிசெய்தது. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1988-ல் வடகிழக்கு வழியாக நாட்டுக்குள் நுழைந்து தெற்கே இறங்கிய மீன் புண்நோய், விராலையும் கெண்டையையும் உடம்பெல்லாம் ரணமாக்கியது. அது பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வருவது, மனிதருக்குத் தொற்றாது. ஆனால் புண்ணோடு கிடந்த மீனைப் பார்த்தவர்கள் நல்ல மீனையும் வாங்கவில்லை. அரசே ஒரு நோயை ஏரியில் விட்டது என்று தெரிந்தால் மீன் சந்தை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மீன் மட்டுமா குற்றவாளி?

ஜிலேபியை ஒரே நாளில் ஒழித்தாலும் நாட்டு மீன் திரும்பிவிடாது. செய்யாறு சேரும் பாலாற்றைப் பாருங்கள். மணலை அள்ளியாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு எவ்வளவு கலந்தது என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சொல்லும். தண்ணீர் ஓடும் நாட்களும் குறைந்துவிட்டன. புதுவெள்ளத்தில் எதிரேறிப்போய் முட்டையிடும் ஏத்து மீனுக்கு வெள்ளமும் இல்லை, தடுப்பணைகளைத் தாண்ட வழியும் இல்லை. ஓடாத, கெட்ட, சூடேறிய தண்ணீரில் எது பிழைக்குமோ அது பிழைக்கிறது. அதற்குத் தோதான மீன் ஜிலேபி. ஆஸ்திரேலியாவிலும் இதே வாதத்தை எழுப்புகிறார்கள்: அணைகளும் மதகுகளும் ஆற்றின் ஓட்டத்தை மாற்றியதால்தான் கெண்டை அரியணை ஏறியது, கெண்டையை மட்டும் கொன்றால் நாற்காலி காலியாகும், ஆறு திரும்பாது.

மலைக்கு ஓர் எல்லைக்கோடு

இந்த இடத்தில்தான் ஜவ்வாது மலை முக்கியமாகிறது. சமவெளி ஏரிகளில் ஜிலேபியை இனி முழுதாக ஒழிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்வோம். மலையில் நிலைமை வேறு. பீமன் அருவி போல செங்குத்தாக விழும் பாறைகளைக் கீழிருந்து எந்த ஜிலேபியும் ஏற முடியாது. அருவிக்கு மேலுள்ள ஓடைகளுக்கு இயற்கையே வேலி போட்டிருக்கிறது. வேலியைத் தாண்டி மீனைக் கொண்டுபோகக்கூடியவர் மனிதர் மட்டுமே. கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் விரல்நீள மீன்கள் மலையோடைகளின் சொத்து. சந்தையில் அவற்றுக்கு விலை கிடையாது. அதனாலேயே அவற்றின் பெயரைச் சொல்லி எந்தத் திட்டமும் வருவதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, ஜமுனாமரத்தூர் வட்டாரத்திலும் மலையின் மற்றப் பகுதிகளிலும் ஓடையோடு தொடர்புள்ள எந்த நீர்நிலையிலும் அயல் மீன்குஞ்சு விடக் கூடாது என்று மீன்வளத் துறையும் வனத் துறையும் சேர்ந்து ஆணை போட வேண்டும். அந்த ஆணை கிஃப்ட் திலேப்பியாவையும், கொசுவுக்கு என்று சொல்லி விடும் கம்பூசியாவையும், வீட்டுத் தொட்டி கசந்துபோனதும் ஏரியில் கொட்டும் வண்ணமீனையும் சேர்த்தே தடுக்க வேண்டும். படகு விடும் கோலப்பன் ஏரியும் இதற்கு விலக்காகக் கூடாது.

இரண்டாவது, மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மீன் வளர்ப்பில் வருமானம் தருவதாக இருந்தால், ஓடைக்கு வழியில்லாத, கோடி போகாத குட்டைகளில், அந்த ஆற்றுப் படுகைக்கு உரிய மீன்களைக் கொண்டு தர வேண்டும். கட்லாவும் ரோகுவும் இந்திய மீன்கள்தான், ஆனால் பாலாற்றுப் படுகைக்கு அவையும் விருந்தாளிகள் என்பதை மறக்கக் கூடாது. நாட்டு மீன்குஞ்சு வேண்டுமென்றால் அரசுப் பண்ணைகள் அதைப் பொரிக்க வேண்டும். ஜிலேபிக்குக் காட்டும் அக்கறையில் பாதி காட்டினாலும் போதும்.

மூன்றாவது, 2002-ன் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. எந்த ஓடையில் எந்த மீன், எந்த மாதத்தில் சினைபிடிக்கும், எப்போதிருந்து காணோம் என்பதை மலையில் வாழ்கிறவர்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும். பதிவு இல்லாத மீன் காணாமல் போனால் புகார் கொடுக்கவும் ஆள் இருக்காது.

நான்காவது, அடிவார ஏரிகளில் கோடைதான் நம் கருவி. சித்திரை, வைகாசியில் ஏரி குட்டையாகச் சுருங்கும்போது ஜிலேபியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் மிச்சமில்லாமல் பிடித்தெடுக்கக் குத்தகை விதியிலேயே இடம் வைக்கலாம். தூர்வாரும் பணியை அதே மாதங்களில் முடித்தால் சேற்றில் பதுங்கியதும் வெளியே வரும். தின்று தீர்ப்பதும் ஒரு கட்டுப்பாடுதான், அதில் யாருக்கும் நோய் பரவாது.

ஐந்தாவது, நோய்க் காவல். மலையடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய மேல்விஷாரத்தில், அப்துல் ஹக்கீம் கல்லூரியின் ஆய்வகம் நன்னீர் இறாலின் வெண்வால் நோய்க்கு உலக விலங்குச் சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அறிவும் கருவியும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, மீன் செத்து மிதக்கும் ஏரியிலிருந்து ஒரு மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். கொய் மீன் இறக்குமதிக்குத் தனிமைப்படுத்தலும் சோதனையும் கறாராக வேண்டும்.

ஆஸ்திரேலியா தன் பண்ணைக் கெண்டையை ஆற்றில் கோட்டைவிட்டு அரை நூற்றாண்டு கழித்து ஆய்வகத்தின் கதவைத் தட்டியது. கோடிக்கணக்கில் செலவிட்டும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறது. அந்த நிலைக்கு வந்த நாடு வைரஸைப் பற்றி யோசிப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஜவ்வாது மலையின் ஓடைகளுக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. ஒரு அரசாணையும், மலையேறும் குஞ்சுப் பையை நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு சோதனைச் சாவடியும் போதும். வடகிழக்குப் பருவமழையில் குட்டைகள் கோடி போவதற்கு முன்பு அதைச் செய்துவிட்டால், வைரஸா வலையா என்ற விவாதம் இந்த மலைக்குத் தேவைப்படாது.